பதினான்கு பேருக்கு ஒரு முகவரி

ஜூன் 3, திங்கள்

காலையில் வந்ததும் முதலில் புகார்ப் பெட்டி. அடுத்து, திரும்பிவந்த கடிதங்கள். அதற்குப் பிறகுதான் டீ. இந்த வரிசை எனக்கு நானே வைத்துக்கொண்டது.

கல்லூரிகள், அறக்கட்டளைகள், இரண்டு மூன்று துணிக்கடைகள் என்று அறுபது இடங்களின் மின்னஞ்சல் எங்கள் சர்வர் வழியாகப் போகிறது. ஒழுங்காகப் போய்ச் சேர்கிற கடிதத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை. போகாததும் பிறர் வேண்டாமென்றதும்தான் என் மேசைக்கு வரும். பெறுகிறவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அமுக்கினால் அவருடைய அஞ்சல் நிறுவனம் எங்களுக்கு ஒரு புகார் அனுப்பும். அந்த முகவரிக்கு இனி எதுவும் போகாதபடி நான் அடைத்துவிட வேண்டும். புகார்கள் சேர்ந்துவிட்டால் அறுபது இடங்களின் கடிதங்களையும் அவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். போன ஆடித் தள்ளுபடிக்கு ஒரு துணிக்கடை எங்கிருந்தோ வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் அனுப்பியதில், மதுரையே எங்களைத் திட்டிய நான்கு நாட்கள் உண்டு.

இன்று வேலம்மை அறக்கட்டளையிலிருந்து பிரமிளா மேடம் பேசினார். செவிலியர் படிப்புக்குக் கட்டணமில்லாமல் நூற்றிருபது பெண்களைச் சேர்க்கிறவர்கள். ஜூன் முழுக்க அவர்களுக்குக் கடிதக் காலம்.

“ஏம்மா கோதை, இந்த ‘அனுப்ப இயலவில்லை’, ‘அனுப்ப இயலவில்லை’ன்னு எனக்கு நூறு மெயில் வந்து கெடக்கு. இதுல நெஜமான லெட்டரு எதுன்னே தெரியல. இத நிறுத்த முடியாதா?”

“முடியும் மேடம்.”

மதியம் சர்வருக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். அடைத்த முகவரிக்கு அவர்கள் கடிதம் அனுப்பினால் இனி அது அவர்களிடம் திரும்பாது. சர்வரே வாங்கி, ஒரு பட்டியலில் எழுதி, பேசாமல் வைத்துக்கொள்ளும். அனுப்பியவர் திரையில் ‘போய்விட்டது’ என்ற பச்சை நிறம்தான். இருபத்திரண்டு வரிகள். சுருக்கமாக எழுதிவிட்டேன் என்று ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது.

ஜூன் 6, வியாழன்

நேற்று அறக்கட்டளையிலிருந்து, விண்ணப்பித்த அறுநூறு பேருக்கும் ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று கடிதம் போனது. ஒரே ஒரு புகார். ஜெயம் பிரவுசிங் சென்டர், கடலாடி. அடைத்தாகிவிட்டது.

ஜூன் 8, சனி

விடுதியில் தண்ணீர் வரவில்லை. அம்மா போனில் ஒரு வரன் பற்றிச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். எதைச் சொன்னாலும் பார்க்கலாம் என்கிறாய் என்றாள். அதற்கும் பார்க்கலாம் என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

அஞ்சல் துறையின் பழைய வரலாறு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உரியவரைச் சேராத கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்திருக்கிறது. பிரித்துப் படிக்க அனுமதி பெற்ற சிலர் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஏதாவது ஒரு பெயரோ ஊரோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்ப்பார்கள். நம் தூது இலக்கியத்தில் கிளி போகிறது, மேகம் போகிறது. போன கிளி திரும்பிவந்து, ‘அப்படி ஒருத்தர் அங்கே இல்லை’ என்று சொன்னதாக நான் படித்ததில்லை. அதைச் சொல்லும் உத்தியோகம் எனக்கு.

ஜூன் 10, திங்கள்

தேர்வான நூற்றிருபது பெண்களுக்கும் கடிதம் போயிற்று. 24ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள், பெண்ணும் பெற்றோரில் ஒருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாதவர்களின் இடம் மறுநாள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

“எல்லாம் பச்சையா இருக்கும்மா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு” என்றார் பிரமிளா மேடம்.

ஜூன் 13, வியாழன்

எழுபத்தொன்பது பேர் ஏற்றிவிட்டார்கள். மீதிப் பேர் மெதுவாகச் செய்வார்கள் என்கிறார் மேடம்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். கூட வேலை செய்யும் பைசல் விடுப்பு. முதலாளி தாமோதரன் சார் ஓசூரில். அலுவலகத்தில் நானும் ஏசியும்.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதன்முறையாக அதன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஜூன் 10 என்ற தேதிக்குக் கீழே ஒரே முகவரி பதினான்கு முறை இருந்தது. ஜெயம் பிரவுசிங் சென்டர், கடலாடி. ஒரே கடிதத்தைத் தவறுதலாகப் பதினான்கு முறை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினான்கும் வேறு வேறு பெயர்களுக்கு. நாகஜோதி. காளீஸ்வரி. முத்துராக்கு. சந்தனமாரி. ஒவ்வொன்றிலும் ‘வாழ்த்துகள்’ என்று தொடங்கும் கடிதம்.

பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பம் போடுகிற பெண்களிடம் மின்னஞ்சல் எங்கே இருக்கும்? கடைக்காரர் தன் கடையின் முகவரியையே எல்லோருக்கும் போட்டுக்கொடுத்திருக்கிறார். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்ததுகூட ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஒரு கடைக்காரரின் முகவரிக்குத்தான். இது எனக்குத் தெரியாததல்ல.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பதினான்குதான்.

தாமோதரன் சார் ஊரில் இல்லை. பைசலும் இல்லை. முழுவதும் உறுதி செய்துகொள்ளாமல் வாடிக்கையாளரிடம் சொல்வது சரியல்ல. நாளை பார்க்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

ஈறு வலி என்று விடுப்புச் சொன்னேன். வலி கொஞ்சம் இருந்தது.

அறையின் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். வந்ததிலிருந்து துவைக்காதவை. மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. மாலையில் அஞ்சல் வரலாற்றில் அறுபது பக்கங்கள் படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஜூன் 19, புதன்

பைசல் பெரிய தூக்கில் பிரியாணி கொண்டுவந்தான். அவன் இரண்டாவது முறை போட்டுக்கொண்டபோது சொன்னேன்.

“இரு, இரு. அந்தக் கடைக்காரரு ஸ்பேம அமுக்கிட்டாரு, நீ அடைச்ச. சரி, ரூல்ஸு. அப்ப அடுத்த லெட்டரு அனுப்பும்போது பிரமிளாம்மாவுக்குத் திரும்பிப் போயிருக்கணும்ல? ஏன் போகல?”

“திரும்பாத மாதிரி ஸ்கிரிப்ட் இருக்கு.”

“எந்தக் கூறுகெட்டவன் எழுதுனது?”

நான் என் கறியை ஓரமாக ஒதுக்கினேன். அவன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“சரி விடுப்பா. கறியாச்சும் தின்னு. இன்னைக்கே மேடத்துட்ட சொல்லிரு.”

முகவரியைத் திறந்துவிட்டு, பதினான்கு கடிதங்களையும் மறுபடி அனுப்பினேன். ஆனால் ஒருவர் ஸ்பேம் என்று தள்ளிய கடிதத்தின் உடன்பிறப்புகள் அவர் பெட்டியில் நேராக அந்தக் குப்பைக்குத்தான் போகும். அதை இங்கிருந்து பார்க்க வழியில்லை. ஆகவே கடைக்காரரிடம் முதலில் பேசுவதுதான் முறை. மேடத்திடம் அதற்குப் பிறகு சொல்லலாம்.

ஜூன் 20, வியாழன்

கடையின் எண் கூகுளில் கிடைத்தது. கடைக்காரர் பெயர் செல்லப்பாண்டி. பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம்.

“ஆமாம்மா, நாந்தான் அமுக்குனேன். பெறகு? காலைல தொறந்தா ஒரே மாரி நாப்பத்தோரு லெட்டரு. ‘கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது’ன்னு. ஆதாரு பிரிண்டு எடுக்க வந்த ஆளு நிக்கிறாரு, அவரு அனுப்புன மெயிலு கீழ கெடக்கு, கண்டுபிடிக்க முடியல. கோவத்துல ஒண்ண அமுக்குனேன். ஒண்ணத்தான அமுக்குனேன்?”

“ஒண்ணு போதும்ண்ணே.”

“இதென்ன ஞாயம்? ஒருத்தன் ஒருதடவ ‘ச்சீ போ’ன்னா அதோட வரவே மாட்டீங்களா? எம் மச்சினன நான் முப்பது வருசமா சொல்லிட்டிருக்கேன், இன்னும் வாரானே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். ஜெராக்ஸ் சத்தம் நின்றது.

“பதினாலு பிள்ளைகளா?” என்றார். “தெனம் சாயந்தரம் வந்து கேட்டுட்டுப் போகுங்கம்மா. ‘அண்ணே மெயிலு வந்துச்சா, அண்ணே மெயிலு வந்துச்சா’ன்னு. நானும் தொறந்து பாத்து, இல்ல தாயி, இல்ல தாயின்னு அனுப்புவேன். நாலஞ்சு நாளா ஒருத்தரும் வரல. அதுகளா விட்டுருச்சுக.”

“நீங்க அவங்களுக்குத் தனித்தனியா மெயில் போட்டிருக்கலாமேண்ணே” என்றேன். என் குரலில் இருந்த குற்றச்சாட்டு எனக்கே பிடிக்கவில்லை.

“போட்டுக் குடுத்தேம்மா மொத வருசம். பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டத்தான் வருங்க. எந்நேரமும் தொறந்து கெடக்குறது கடை மெயிலுதான? எதுவும் தவறிப் போகக்கூடாதுன்னுதாம்மா எம் மெயில போட்டேன்.”

அவர் குப்பையைத் திறந்து பார்த்தார். பதினான்கும் அங்கே இருந்தன. பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டே எழுதினார். ஒன்பது ஊர்ப் பிள்ளைகள். “வண்டி இருக்கு, போயிச் சொல்லிருவேன். கடைய எம் பொஞ்சாதி பாத்துக்கிருவா. நீங்க கவலப்படாதீக.”

அவர் செய்துவிடுவார். இப்போது மேடத்திடம் சொல்லி அவரைப் பதற வைக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, சனி

வேலை நாள் இல்லை. ஆனாலும் அலுவலகம் வந்தேன். சம்மதக் கடிதம் ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் சர்வரில் ஒரு வரி எழுதப்படுகிறது. காளீஸ்வரி, 10.12. நாகஜோதி, 10.40. இரண்டு மணிக்குள் ஒன்பது பேர். கிரிக்கெட் பார்ப்பவர்களின் பதற்றம் எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

பைசல் போனில் கேட்டான்: “மேடத்துட்ட சொல்லிட்டியா?”

“எல்லாரும் ஏத்திக்கிட்டு இருக்காங்க.”

“நான் அதக் கேக்கல.”

ஜூன் 24, திங்கள்

காலை பதினொரு மணிக்குப் பதின்மூன்று. பதினான்காவது வரவில்லை. முத்துராக்கு.

12.20க்குச் செல்லப்பாண்டி அண்ணனே அழைத்தார். விண்ணப்பத்தில் இருந்தது அவளுடைய சித்தப்பாவின் எண். அந்த ஆள் எடுக்கவே இல்லையாம். ஊர் உள்ளே தள்ளி. இன்று காலை நேரில் போயிருக்கிறார்.

“திருப்பூரு போயிருச்சும்மா. பனியன் கம்பெனிக்கு. லெட்டரு வரல, கெடைக்கலன்னு முடிவு பண்ணிருச்சு. வேலைக்கு உள்ள போனா போன வாங்கி வச்சுக்கிருவாகளாம், ஆறு மணிக்குத்தான் குடுப்பாக. அவுக அப்பா இந்தா எங்கூடத்தான் நிக்கிறாரு. அவரு கையெழுத்து இருக்கு. பிள்ள கையெழுத்துத்தான் இல்ல.”

“எப்ப போனா?”

“போன செவ்வாக்கெழம சாயந்தரப் பஸ்ஸுக்கு.”

நாட்காட்டியைப் பார்த்தேன். பதினெட்டு. அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: “பிள்ள கையெழுத்த நானே போட்டுரவாம்மா? பழைய அப்ளிகேசன்ல இருக்கு, பாத்துப் போட்டுருவேன்.”

இல்லை என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொல்வதற்குள் அவரே, “வேணாம், வேணாம். நாளைக்கு நர்ஸா ஆயி நிக்கிற பிள்ளைக்கு வில்லங்கமாயிரும்” என்று வைத்துவிட்டார்.

பிரமிளா மேடத்திடம் ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். கேட்டால், ஏன் என்பார்.

மூன்று மணி. நான்கு மணி. கல்லூரி ஒன்றின் கடவுச்சொல்லை மாற்றிக்கொடுத்தேன். ஒரு துணிக்கடைக்குக் கையொப்பப் படம் சரிசெய்தேன். ஐந்து மணிக்குச் சம்மதக் கடிதம் ஏற்றும் பக்கம் தானாக மூடிக்கொண்டது. அதையும் நான்தான் அமைத்திருந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

நூற்றுப் பத்தொன்பது. விட்ட ஓரிடத்தைக் காலையிலேயே காத்திருப்பில் முதலில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்து, அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாளாம். பிரமிளா மேடம் மகிழ்ச்சியாக இருந்தார். வழக்கம்போல, எல்லாக் கடிதங்களும் சென்றன என்று ஓர் அறிக்கை கேட்டார்.

தாமோதரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கணும்மா?”

“பதினேழாந்தேதி சார்.”

“ம்.” வெகுநேரம் துடைத்தார். “சரி, அறிக்கைய எழுதிக் குடு. பொய் எழுதச் சொல்லல. அவங்க ஸ்கிரீன்ல நூத்தி இருபதும் பச்சையாத்தான இருந்துச்சு? ‘நூத்தி இருபதும் சர்வரால ஏற்கப்பட்டன’ன்னு எழுது. அதுல ஒரு வார்த்த தப்பு இருக்கா?”

இல்லை. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எழுதிப் பார்த்தேன். ‘ஏற்கப்பட்டன.’ நல்ல தமிழ். செயப்பாட்டு வினையில் செய்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

ஜூன் 26, புதன்

அறிக்கை அனுப்பினேன். என் எழுத்தில் இதுவரை இவ்வளவு குட்டையான வாக்கியங்கள் வந்ததில்லை.

‘பதினான்கு கடிதங்கள் போகவில்லை. அவற்றை நிறுத்திய ஸ்கிரிப்டை எழுதியது நான். ஜூன் 17 அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை. பதின்மூன்று பேர் வேறு வழியில் சேர்ந்துவிட்டார்கள். ச. முத்துராக்கு சேரவில்லை. அவர் 18ஆம் தேதி மாலை வரை ஊரில்தான் இருந்தார்.’

அனுப்பிய பிறகு தாமோதரன் சாருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

பிரமிளா மேடம் நேரில் வந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். உட்காரச் சொன்னார். அது எங்கள் அலுவலகம், எங்கள் நாற்காலி.

“ஏம்மா, அந்தப் பிள்ளைகளோட போன் நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கும்மா. வீட்டுக்கு ரெண்டு நம்பர் வாங்கி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு நம்பர் தனியா. பதினேழாந்தேதி நீ எனக்கு ஒரே ஒரு போன் அடிச்சிருந்தா, நான் உக்காந்த எடத்துலயே அரை மணி நேரத்துல பதினாலு பேருட்டயும் பேசியிருப்பேனே.”

நான் செல்லப்பாண்டியையும் அவர் வண்டியையும் ஒன்பது ஊர்களையும் நினைத்தேன்.

“மெயிலு போகலன்னா எனக்குக் கோவமே இல்ல. அந்த ரிட்டன் லெட்டரெல்லாம் வேணாம்னு நாந்தான சொன்னேன்? சொல்லாம வச்சிருந்தியே, அதுதாம்மா.”

காத்திருப்பிலிருந்து சேர்ந்துவிட்ட பெண்ணை இனி விலக்க முடியாது. அவளும் முத்துராக்கைப் போல ஏழை வீட்டுப் பெண்தான். விடுதியில் கட்டில் நூற்றிருபதுதான். அடுத்த வருடம் தேர்வில்லாமல் முத்துராக்குக்கு இடம் உண்டு என்று அறக்கட்டளை கடிதம் தரும். “ஆனா அத நீதான் அந்தப் பிள்ளைட்ட சொல்லணும்” என்றார் மேடம். மின்னஞ்சல் சேவைக்கு வேறு நிறுவனத்துக்குப் போவது பற்றி யோசிப்பதாகத் தாமோதரன் சாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 28, வெள்ளி

ஸ்கிரிப்டை அழித்தேன். தாமோதரன் சார் இன்னும் என்னோடு பேசவில்லை. பைசலிடம் சொல்லியனுப்பினார்: திங்கட்கிழமை பேசலாம்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று முத்துராக்குக்கு விடுமுறை. செல்லப்பாண்டி அண்ணனிடம் எண் வாங்கி, மூன்று மணிக்கு அழைத்தேன். பின்னால் பத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே பேசும் இரைச்சல். நான் யார் என்று சொல்லி, கடிதம் பற்றிச் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் என்னை இரண்டாவது வாக்கியத்தைத் தாண்ட விடவில்லை.

“அப்ப நான் செலக்ட் ஆயிருந்தேனாக்கா?”

“ஆமா.”

“நெசமாவா? லிஸ்டுல எம் பேரு இருந்துச்சா?”

“இருந்துச்சு. நூத்தி இருபதுல முப்பத்தொண்ணாவது.”

போனை விலக்கிப் பிடித்து யாரிடமோ கத்தினாள்: “ஏ பாக்கியம், நான் பாசுடி! முப்பத்தொண்ணுடி!” திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“சீட்டு போயிருச்சுல்லக்கா?”

“இந்த வருசம் போயிருச்சு. அடுத்த வருசம் உனக்குத் தருவாங்க. எழுதியே தருவாங்க.”

“யாரு தப்புக்கா இது? செல்லப்பாண்டி அண்ணனா?”

“இல்ல. நான்.” தாளில் இருந்த மீதியையும் சொன்னேன். பதினேழாம் தேதியை மட்டும் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொன்னேன்.

இரைச்சல் தூரமாயிற்று. எங்கோ படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டாள் போலிருந்தது.

“செவ்வாக்கெழம பஸ்ஸுல ஏறும்போது எங்கப்பா ‘இன்னும் ரெண்டு நாளு பாப்போமா தாயி’ன்னாரு. நாந்தான் ‘அதெல்லாம் வராதுப்பா’ன்னு ஏறிட்டேன்” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவுமில்லை, தள்ளவுமில்லை. “எங்கப்பாட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. ‘கெடைக்கல, சரி விடு’ன்னு அவருதான் எனக்குத் தேறுதல் சொன்னாரு” என்று எண்ணைக் கொடுத்தாள்.

பிறகு கேட்டாள்: “அந்த மொத லெட்டர எனக்கு அனுப்புவீங்களா? சீட்டு இல்லாட்டியும் இருக்கட்டும். இங்க ஒரு அக்கா எனக்குத் தனியா மெயிலு போட்டுக் குடுத்துருக்காக.”

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். ஜூன் 10 தேதியிட்ட கடிதத்தை அப்படியே அனுப்பினேன். சர்வரில் ‘சேர்ந்தது’ என்று வரி விழுந்தது. அதை நம்பாமல் காத்திருந்தேன்.

4.10க்குப் பதில் வந்தது: ‘வந்துருச்சுக்கா. நாலு தடவ படிச்சுட்டேன். அடுத்த வருசம் போடும்போது யாரு மெயில குடுக்கணும், என்னுதா அண்ணந்தா?’

‘உன்னுது’ என்று தட்டினேன். அனுப்பவில்லை. அதை அழித்துவிட்டு, போனிலேயே சொல்வதற்காக மறுபடி அவளை அழைத்தேன்.